ஐம்பத்தெட்டுப் புள்ளி ஆறு

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

காலையில் லேபைத் திறந்ததும் டர்பென்டைன் வாடை முகத்தில் அடித்தது. இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எங்கள் யு.டி.எம்.முக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார்கள். கம்பியின் இரண்டு முனைகளையும் கவ்விக்கொண்டு, அறும்வரை இழுத்து, எவ்வளவு விசை தாங்கியது என்று முள்ளில் காட்ட வேண்டிய இயந்திரம் அது. மோட்டாரைப் போட்டால் உறுமும். அதோடு சரி. முள் பூஜ்யத்தை விட்டு அசையாது. பதிமூன்று வருடமாக இதே கதைதான். தர மதிப்பீட்டுக் குழு வரும்போதெல்லாம் அதற்கு ஒரு கோட் பெயிண்ட். இது நாலாவது. ஒரு நாள் உள்ளே இரும்பெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்து போனாலும், பெயிண்ட் மட்டும் இயந்திர வடிவத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

குழு 27-ஆம் தேதி வருகிறது. சுற்றறிக்கையில் பெண் ஆசிரியர்கள் அனைவரும் மயில்கழுத்து நிறப் புடவையில் வர வேண்டும் என்று இருக்கிறது. ஆண்களுக்கு டை. இயந்திரங்களுக்குப் பச்சை.

இந்த முறை தேறாவிட்டால் சிவில் துறையையே மூடிவிட்டு அந்த வகுப்பறைகளைச் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். அறுபது பேர் படித்த துறையில் இப்போது இரண்டாம் ஆண்டில் பத்தொன்பது பேர். ‘பொருட்களின் வலிமை’ பாடமும் அதன் லேபும் ஒன்பது வருடமாக என் தலையில்.

கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளாமல் எழுதுங்கள் என்று பி.பி. பார்த்த டாக்டர் சொன்னார். எழுதினால் இடது கை ஓரமெல்லாம் மை ஆகிறது. அதற்கும் கோபம் வருகிறது.

பிப்ரவரி 5, புதன்

ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. குழுவுக்குக் காட்ட வேண்டும் என்பதால் முதல் ஆறு சோதனைகளையும் இன்றைக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

இழுவிசைச் சோதனைக்கு அளவீடு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளிடம் ஒரு ஜெராக்ஸ் இருக்கிறது. அதற்குத் ‘தாய் நோட்டு’ என்று பெயர். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வருடா வருடம் கைமாறும். முன்பக்கம் கிடையாது, அதனால் யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி. உச்ச விசை 52.4 கிலோநியூட்டன். அறுபட்ட விசை 58.6. இன்றும் பதினெட்டு நோட்டுகளில் 52.4, 58.6. நான் பதினெட்டு முறை கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாவது நோட்டு முத்துராக்குவுடையது. கமுதிப் பக்கத்துப் பெண். கடைசி பெஞ்ச், வாயைத் திறக்கவே மாட்டாள். அட்டவணை போட்டு, கட்டங்களை எல்லாம் காலியாக விட்டுவிட்டு, கீழே அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: “இயந்திரம் இயங்கவில்லை. அளவீடு எடுக்கப்படவில்லை.”

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண்!

பிப்ரவரி 6, வியாழன்

முத்துராக்குவைக் கூப்பிட்டேன். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை.

“என்னம்மா இது?”

“மெஷின் ஓடல மேம். அதான்.”

“ஓடலன்னு உனக்கு மட்டுந்தான் தெரியுமா? மத்த பதினெட்டு பேரும் எழுதலையா?”

“எழுதிருக்காக மேம். ஆனா அந்தக் கணக்கு தப்பு மேம்.”

“எது தப்பு?”

“நீங்கதான மேம் போர்டுல வரஞ்சீங்க. இழுக்க இழுக்க விசை ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் கம்பி நடுவுல இடுப்பு மாதிரி சிறுத்து, விசை எறங்கி, அப்புறந்தான் அறும்னு. அப்ப அறுற விசை உச்சத்தவிடக் கம்மியாத்தான இருக்கணும்? தாய் நோட்டுல உச்சத்தவிட அதிகமா இருக்கு. உச்சத்துக்கு மேல எப்புடி மேம் ஒண்ணு இருக்கும்?”

ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“எழுதுனவுக நேர்ல பாக்காம எழுதிருக்காக மேம். கடைசியா நடக்குறதுதான் பெருசுன்னு நெனச்சுட்டாக. இடதுகைக்காரவுக போல, எழுத்தெல்லாம் வலப்பக்கமா இழுவிக் கெடக்கு. ஜெராக்ஸ்லகூடத் தெரியுது.”

“யார் எழுதினா உனக்கென்ன? எடுத்துட்டுப் போய் எல்லாரையும் மாதிரி எழுதிட்டு வா.”

“எங்கப்பா கம்பி கட்டுற வேலை மேம்” என்றாள், அதுதான் பதில் என்பதுபோல. நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திமிர். பத்தொன்பது வயதில் இவ்வளவு திமிர் ஆகாது.

பிப்ரவரி 7, வெள்ளி

இட்லி மாவு புளித்துவிட்டது. நானும்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

துறைத் தலைவர் தண்டபாணி சாருக்கு விஷயம் போய்விட்டது. யார் சொன்னார்களோ. அறைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் பின்னாலேயே ஏதோ வேலை வரும்.

“மேகலா, அந்தப் பொண்ணு நோட்ட குழு பாத்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. மெஷின் ஓடலைன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். புரியுதுங்களா?”

“சொல்லிப் பாத்தேன் சார். கேக்க மாட்டேங்கறா.”

“ரெக்கார்டு இன்கம்ப்ளீட்னா பிராக்டிகலுக்கு விட முடியாது. பிராக்டிகல் எழுதலைன்னா அரியர். ஒரு அரியர் விழுந்துட்டா எந்தக் கம்பெனி உள்ள விடும்? இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. பக்குவமா சொல்லுங்க.”

பக்குவமாகவாம். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டுப் பக்குவமாக.

“சார், மெஷின சரி பண்ணக் கேட்டு அர்த்தநாரி அண்ணன் எழுதிக் கொடுத்தாரே…”

“விசிட் முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

லேப் உதவியாளர் அர்த்தநாரி அண்ணன் வருடா வருடம் ஜூனில் விண்ணப்பம் எழுதுகிறார். எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீல் ஒன்று வேண்டும் என்று. பதிமூன்று விண்ணப்பங்களின் நகலும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே பதில், ஒரே பச்சை மையில்: ‘விசிட்டுக்குப் பிறகு.’ எந்த விசிட்டுக்குப் பிறகு என்று ஒருவரும் எழுதவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கேட்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ‘எங்கள் பட்டதாரிகள், எங்கள் பெருமை.’ பன்னிரண்டு முகங்கள். வலது கோடியில் நான். பழைய பட்டமளிப்பு விழாப் போட்டோ, கழுத்தில் தங்கப் பதக்கம். ‘எங்களிடம் பயின்று, எங்களிடமே பயிற்றுவிக்கும் செல்வி எஸ். மேகலா.’ எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. அதைக்கூட யாரும் திருத்தவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முத்துராக்கு சிரிக்கவில்லை. நின்று முழுசாகப் படித்தாள்.

அதைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. போட்டோ நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

வகுப்பில் கத்திவிட்டேன்.

அரியர் விஷயத்தை எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னேன். “ரெக்கார்டு முழுசா இல்லாதவங்க பிராக்டிகலுக்கு வர வேண்டாம்” என்றேன். முத்துராக்கு எழுந்து, “மேம், ஓடாத மெஷினுக்கு நான் எப்படி முழுசா எழுதுறது?” என்றாள்.

அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ ஒருத்திதான் யோக்கியமா, இங்கே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் திருடர்களா, உன்னைப் போல நாலு பேர் இருந்தால் துறையை இழுத்து மூட வேண்டியதுதான், உன் அப்பா கம்பி கட்டி அனுப்புகிற லட்சணத்துக்கு உனக்கு இவ்வளவு வாயா என்று.

கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

பத்தொன்பது நோட்டையும் இன்று மாலைக்குள் ஒப்படைக்கச் சொல்லி தண்டபாணி சார் இரண்டு தடவை போன் செய்தார்.

அவளுக்காகத்தான் செய்தேன். ஒரு பிடிவாதத்துக்காக அரியர் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் நாசமாகப் போக வேண்டாம் என்றுதான். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, அவள் எழுதிய இரண்டு வாக்கியங்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, கட்டங்களை நானே நிரப்பினேன். தாய் நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. எண்கள் கையில் தானாக வந்தன. 52.4. 58.6. கையெழுத்துப் போட்டு, அடுக்கில் வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினேன். மை போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்டெக்ஸ் பக்கத்தில் தேதி போட நோட்டுகளை இன்று ஒருநாள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தோம். இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால்…

முத்துராக்கு நோட்டைத் திறந்தாள். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து தாய் நோட்டின் ஜெராக்ஸை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலை இந்த ஐந்தின் மேல் வைத்தாள், பிறகு அந்த ஐந்தின் மேல். ஐந்துக்கு மேல்கோட்டை நான் கடைசியில் தனியாகப் போடுவேன். சின்ன வயதுப் பழக்கம்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கனவே அழித்திருந்த இடத்தை மறுபடி அழித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

லீவ். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தேய்த்தேன். இவர் மில்லிலிருந்து வந்து, “என்னாச்சு, யாராவது வர்றாங்களா?” என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

2012 பிப்ரவரி. நான் இரண்டாம் ஆண்டு. எங்கள் பேட்ச் லேபுக்குப் போன அன்று காலையில்தான் சீல் போயிற்று. கம்பியை மாட்டி மோட்டாரைப் போட்டதும் எண்ணெய் பீய்ச்சியடித்து, தண்டபாணி சாரின் வெள்ளைச் சட்டை பாழாயிற்று. அப்போது அவர்தான் லேப் பொறுப்பு. சட்டையைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். “நீதான டாப்பரு. புக்கப் பாத்து ஒரு ரீடிங் செட் பண்ணிக் குடும்மா. எல்லாரும் அதையே எழுதிக்கட்டும்” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறுபது பேரில் என்னைக் கூப்பிட்டாரே! ஹாஸ்டலில் உட்கார்ந்து அழகாக ‘செட்’ பண்ணினேன். உச்ச விசையைப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். அறும் விசை புத்தகத்தில் இல்லை. கடைசியில் நடப்பது, அதனால் பெரிதாகத்தான் இருக்கும் என்று நானே 58.6 போட்டேன். கம்பி அறுவதை நான் பார்த்ததில்லை. தண்டபாணி சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வெளித் தேர்வாளர் படிக்காமல் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போட்டார்.

ஜூனியர்கள் நோட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கப்புறம் அது என்னிடம் திரும்பி வரவில்லை. நான் எம்.இ. முடித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பையன் அந்த அசல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, தப்பு எங்கே என்றும் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், நோட்டை வாங்கி, என் பேர் இருந்த முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, மிச்சத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் இன்னும் பீரோவில் இருக்கிறது. பதக்கத்துக்கு அடியில்.

எத்தனை பேட்ச்! எத்தனை பேர் அந்த எண்ணோடு பட்டம் வாங்கிப் போனார்கள்! ஐநூறுக்குக் குறையாது. சைட்டில் கம்பி வந்து இறங்கும்போது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தான். நான் போட்ட மாதிரியே போடுவார்கள். அவளுடைய அப்பா அந்தக் கம்பியின் மேல்தான் நிற்பார்.

அவளைத் திட்டினேனே, பாவி. யாரைத் திட்டியிருக்க வேண்டும்!

பிப்ரவரி 22, சனி

நேற்று மாலை அர்த்தநாரி அண்ணனிடம் போய், “அண்ணா, அந்தப் பழைய சீல் இருக்குதுங்களா?” என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் இழுப்பறையைத் திறந்து, விண்ணப்பங்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கிழிந்த கறுப்பு ரப்பர் வளையம். வளையலைவிடக் கொஞ்சம் பெரியது.

“பதிமூணு வருசமா பத்திரமா வெச்சிருக்கறனுங்க. சைசுக்கு வேணுமில்லீங்க?” என்றவர், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “ஏனம்மிணி, இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சா?” என்றார். நான் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் கூப்பிடுவார். ஆசிரியை ஆனபிறகு மேடம். அவர் அன்றைக்கு அந்த லேபில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். பதிமூன்று வருடம் ஒரு சொல் சொல்லாமல் எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறார். அந்த மரியாதை இப்போது எரிகிறது.

இன்று காலை பஸ் பிடித்து கோயம்புத்தூர் போனேன். இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. கடைக்காரர் கிழிந்த வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார், பின்னால் திரும்பினார், அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்.

“இதுதானுங்களே?”

“இவ்வளவுதானா?”

“வேற என்னங்க வேணும்?”

ஐந்து நிமிடம் ஆகவில்லை. கடை வாசலில் நின்று அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

முத்துராக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நோட்டை என் முன்னால் வைத்தாள். நான் ஒட்டிய தாளின் மேல், என் எண்களுக்குக் குறுக்கே, அடிக்கோல் வைத்துச் சிவப்பில் ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே மறுபடியும்: “இயந்திரம் இயங்கவில்லை. அளவீடு எடுக்கப்படவில்லை.”

“என் நோட்டுல உங்க எழுத்து வேணாம் மேம். அரியர் போடுறதுன்னா போட்டுக்கங்க.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “சரி, போ” என்றுதான் வந்தது.

தாய் நோட்டு யாருடையது என்று அவள் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அர்த்தநாரி அண்ணனைப் போல இவளும் எனக்கு மரியாதை கொடுக்கிறாள்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. விடுமுறை. வளாகத்தில் ஃபிளெக்ஸ் கட்டுபவர்களைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் விரதத்தோடு, நெற்றியில் பட்டையோடு வந்தார். நான் கையில் டார்ச் பிடித்தேன். போல்ட்டுகளை எல்லாம் பெயிண்ட் மூடியிருந்தது. ஒவ்வொன்றையும் சுரண்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. நாலு கோட் பெயிண்ட்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பச்சை, சாம்பல், நீலம், மறுபடி பச்சை.

சீல் மாட்டி, எண்ணெய் ஊற்றி, மோட்டாரைப் போட்டார். அதே உறுமல்தான். வால்வைத் திருப்பினார். முள் நடுங்கியது. பூஜ்யத்திலிருந்து விலகி, கொஞ்சம் மேலே வந்து நின்றது.

“கம்பி வெச்சுப் பாக்கலாமாண்ணா?”

“இன்னைக்கு வேண்டாமுங்க. உள்ள இருக்கற காத்து போகோணும். ஒரு ராத்திரி கெடக்கட்டும்” என்றார். கைகூப்பிக் கும்பிட்டார், இயந்திரத்தையா சிவனையா என்று தெரியவில்லை.

நாளைக் காலையில் குழு வரும்போது கம்பியை மாட்டித் தயாராக வைப்பேன். முத்துராக்குவின் நோட்டை அடுக்கில் முதலாவதாக வைப்பேன். வருவது வரட்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

இப்போது எழுதினால் தாள் கிழியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

மயில்கழுத்துப் புடவையில், கம்பி மாட்டிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் காலை ஒன்பதிலிருந்து நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: ‘சார், இது நேற்றுவரை ஓடவில்லை. இந்த நோட்டுகளில் உள்ள அளவு பொய். அதை எழுதியது நான்.’ இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்திருந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள், தண்டபாணி சார் பின்னால். இயந்திரம் சரியாக அளக்கிறது என்பதற்கான காலிப்ரேஷன் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஃபைலில். லாக் புக் இருக்கிறதா? இருக்கிறது. இன்னொருவர் நோட்டு அடுக்கில் முதலாவதை எடுத்தார். அவளுடையதுதான். இன்டெக்ஸ் பக்கத்தைத் திறந்தார், ஆறு கையெழுத்தையும் எண்ணினார், மூடி வைத்தார். பிறகு இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்து, “வெல் மெயின்டெய்ன்ட்” என்றார்.

“சார், ஒரு டெஸ்ட் போட்டுக் காட்டட்டுமா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தண்டபாணி சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

குழுவில் வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நோ நோ மேடம். வி ட்ரஸ்ட் யூ” என்றார்.

போய்விட்டார்கள். பதினோரு நிமிடம். கொலையை ஒப்புக்கொள்ள ஸ்டேஷனுக்குப் போனவளை, உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பியதுபோல. என்னை நம்புகிறார்களாம். இந்த நாட்டில் யாராவது யாரையாவது நம்பாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நானும்தான். அவர் வாசலைத் தாண்டும்வரை நேரம் இருந்தது. பின்னாலேயே இரண்டடி நடந்து சொல்லியிருக்கலாம். நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

குழுவுக்குத் திருப்தியாம். துறைக்கு ஆபத்தில்லையாம். ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு.

தண்டபாணி சார் அறைக்கு அழைத்தார். டீ இல்லை.

“மெஷின யாரக் கேட்டு சரி பண்ணுனீங்க?”

“அது நம்ம மெஷின் சார். ஓடணும்னுதான வாங்கினது.”

“மேகலா, வெளயாடாதீங்க. ஓடாத மெஷினால பதிமூணு வருசத்துல நமக்கு ஒரு பிரச்சினை வந்திருக்குதா? இப்ப ஓடுது பாருங்க, அதுதான் பிரச்சினை. புதுசா ஒரு ரீடிங் வந்துச்சுன்னா பழசெல்லாம் என்னன்னு கேக்க மாட்டாங்களா? குழுவுக்குக் குடுத்த ஃபைல்ல அம்பத்தெட்டுப் புள்ளி ஆறுதான் இருக்குது.”

“அது யாருதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா சார்?”

மின்விசிறியைப் பார்த்தார். “கையெழுத்து என்னுது” என்றார். “நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான் சோறு. அந்த லேப லாக் பண்ணிருங்க. திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இன்டர்னல் மார்க் ஏத்தோணும். அந்தப் பொண்ணுக்கு ஆப்சென்ட் போடுங்க. பாடம் கத்துக்கட்டும்.”

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து மைசூர்பாகைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 3, திங்கள்

மெமோ என் பக்கத்தில் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

திங்கள் காலை முதல் மூன்று பீரியட் எனக்கு லேப். லேபை நான் பூட்டவில்லை. பத்தொன்பது பேரையும் இயந்திரத்தைச் சுற்றி நிற்க வைத்தேன். “எல்லாரும் தள்ளி நில்லுங்க சாமி, துண்டு தெறிக்கும்” என்று அர்த்தநாரி அண்ணன் கையை விரித்து எல்லோரையும் ஒதுக்கிவிட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். முத்துராக்குவை முன்னால் வரச் சொல்லி, முள்ளைப் படிக்கும் வேலையைக் கொடுத்தேன். வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வால்வைத் திருப்பினார். முள் ஏறியது. பத்து, இருபது, முப்பது. முப்பத்து நாலில் கொஞ்சம் தயங்கி நடுங்கியது. “மேம், இளகுது! நீங்க வரஞ்ச மாதிரியே!” என்று ஒரு பையன் கத்தினான். மறுபடி ஏறியது. “நாப்பத்தஞ்சு… அம்பது… அம்பத்தி ஒண்ணு… அம்பத்தி ஒண்ணு புள்ளி எட்டு… நின்னுருச்சு மேம்” என்றாள் முத்துராக்கு. நான் போட்ட உச்ச விசைக்குப் பக்கத்தில்தான். அது புத்தகத்தின் எண், என்னுடையதல்ல.

பிறகு முள் இறங்க ஆரம்பித்தது. கம்பியின் நடுவில் ஒரு இடம் மங்கி, மெலிந்துகொண்டே வந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு. அவள் குரல் மட்டும் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

படார்.

கட்டடமே அதிர்ந்தது. நான் அலறிவிட்டேன். இரண்டடி பின்னால் போய் ஸ்டூலில் இடித்துக்கொண்டேன். பிள்ளைகள் பயந்து, பிறகு சிரித்து, பிறகு கைதட்டினார்கள்.

“முப்பத்தொன்பது புள்ளி ஆறு” என்றாள் முத்துராக்கு. பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். “மேம், நீங்களும் இதுவரைக்கும் பாத்ததில்லையா?”

பத்தொன்பது பேரும் கைதட்டலை நிறுத்திவிட்டு என் பதிலுக்காக நின்றார்கள். ஒன்பது வருடமாகக் கரும்பலகையில் அந்தக் கோட்டை வரைகிறேன். ஏறி, இறங்கி, முடியும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு ‘அறும் புள்ளி’ என்று எழுதுகிறேன்.

“இல்லம்மா” என்றேன். “தாய் நோட்டு என்னோடது. நான் பாக்காமத்தான் எழுதினேன். உங்கப்பாவப் பத்திப் பேசினதும் தப்பு. எல்லாரும் இருக்கும்போதுதான் பேசினேன், அதான் எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்.”

அவள் நோட்டைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்கும் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் கீழே, தேதி போட்டு, 51.8 என்றும் 39.6 என்றும் எழுதினாள். மேலே இருந்த எதையும் அடிக்கவில்லை, அழிக்கவில்லை. என் முன்னால் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். மற்ற பதினெட்டுப் பேரும் தங்கள் நோட்டுகளைக் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். மதியம் மூன்று மணிக்கு மதிப்பெண்களை ஏற்றிவிட்டேன். பத்தொன்பது பேருக்கும். ஆப்சென்ட் யாருமில்லை. ஏற்றிவிட்டால் துறைத் தலைவர் திருத்த முடியாது, பதிவாளர் அலுவலகத்துக்குக் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவார், பார்க்கலாம்.

நாலு மணிக்கு லேபில் புதுப் பூட்டு தொங்கியது. நாலரைக்கு மெமோ. ‘அனுமதியின்றி ஆய்வக இயந்திரத்தை இயக்கியதற்கான விளக்கத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், பதிவாளருக்கு நகலுடன், எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்.’

பதிவாளருக்கு நகலுடன். அதை அவர்களே கேட்கிறார்கள். வேலை போகும். துறையும் போகலாம், அந்தப் பத்தொன்பது பேரும் என்னைச் சபிக்கலாம், அதற்கும் நான்தான் பொறுப்பு.

பீரோவைத் திறந்து, பதக்கத்தை நகர்த்திவிட்டு, அந்தக் கிழித்த பக்கத்தை எடுத்தேன். விளக்கத்தோடு இணைக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தேன்.

‘ஐயா, 2012 பிப்ரவரியில் நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. அன்று இயந்திரம் இயங்கவில்லை. அளவீடு எடுக்கப்படவில்லை.’